முன்னறைச் சோதனை

சின்னவள் மாமியாருக்குக் காட்டியது ஒரே ஒரு வீடியோதான். கோழிகளை வரிசையாகத் தலைகீழாகத் தொங்கவிட்டு ஏதோ ஒரு இயந்திரத்துக்குள் அனுப்பும் வீடியோ. அதைப் பார்த்த மாமியார் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து முட்டை கிடையாது, பால் கிடையாது, தேன்கூடக் கிடையாது. சரி, நல்ல விஷயம்தான், யார் வேண்டாமென்றது? ஆனால் அந்தக் கோழி நேராக வந்து பெரியவளின் பியூட்டி பார்லரில் மூக்கை நுழைக்கும் என்று யார் கண்டது?

பெரியவள் அந்த வீட்டின் மூத்த மருமகள். தெருவைப் பார்த்த முன்னறையில் பார்லர் நடத்துகிறாள். ஒரு சாய்வு நாற்காலி, பாதிச் சுவரை அடைத்த கண்ணாடி, ஒரு வாஷ்பேசின், கண்ணாடிக்குக் கீழே பலகை நிறைய டப்பாக்களும் சீசாக்களும். சின்னவள் இளைய மருமகள். மாடியில் அடுப்பை வைத்து எண்ணெயையும் காஸ்டிக் சோடாக் காரத்தையும் கலந்து சோப்பு செய்து, போனில் படம் போட்டு விற்கிறாள். ஓரகத்திகள் இருவரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பார்கள், ஒரே கொடியில் துணி காயப்போடுவார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். வீடு மாமியார் பெயரில் இருக்கிறது. அதை மாமியார் ஒரு நாளும் மறந்ததில்லை, மற்றவர்களை மறக்க விட்டதுமில்லை.

ஒரு காலையில், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மாமியார் பால் விடாத கட்டன் டீயை உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்.

"சமையல்கட்டு சுத்தமாயிடுச்சு. மிச்சம் இருக்கறது முன்னறைதான்."

பெரியவளுக்குச் சட்டென்று புரியவில்லை. "முன்னறையில யாரு அத்தை கோழி வெட்டுறா?"

"அக்கா, உங்க லிப்ஸ்டிக்ல பூச்சி இருக்கு," என்றாள் சின்னவள். "நசுக்கின பூச்சி. உங்க கோல்டு கிரீம்ல ஆட்டுப் பிசுக்கு இருக்கு. நான் சும்மா சொல்லல, படிச்சுட்டுதான் சொல்றேன்."

"பூச்சி உன் நாக்குல இருக்கு."

"சண்டை வேணாம்," என்றாள் மாமியார், சண்டையை ஆரம்பித்து வைத்தவள். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் நானே வந்து பாக்கறேன். உயிர வதைச்சு எடுத்த பொருள் அந்த அறையில ஒண்ணு இருந்தாலும் நீ காலி பண்ணிக் குடுத்துடணும். சின்னவ அங்க சோப்புக் கடை வைக்கட்டும். அவ பொருளெல்லாம் எண்ணெயிலயும் காய்கறியிலயும் செஞ்சது."

பெரியவள் தன் புருஷனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தட்டில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறதோ, அம்மா வாயைத் திறந்தால் போதும், அவன் அதைப் படிக்க ஆரம்பித்துவிடுவான்.

முன்னறை போனால் பெரியவளுக்கு என்ன மிஞ்சும்? சமையல்கட்டுக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு சாமான் அறை இருக்கிறது. புருவம் திருத்த வருகிறவள் வீட்டு ஆண்களைத் தாண்டி, வெங்காய மூட்டையைத் தாண்டி அங்கே வந்து உட்காருவாளா? ஒரு வாரம் வருவாள், மறு வாரம் வேறு கடை பார்ப்பாள். அப்புறம் பெரியவளுக்கு அடுப்படிதான். பொழுது விடிந்தால் தாளிப்பு, அடைந்தால் பாத்திரம். பழைய சைக்கிளும் இறுகிப்போன சிமெண்ட் மூட்டைகளும் கிடந்த அறையைத் தன் கையால் சுரண்டிக் கழுவி, சுண்ணாம்படித்து, ஆளாக்கியவள் அவள். அந்த அறைக்குள் நுழைந்தால்தான் அவள் நிமிர்ந்து நடப்பாள்.

இதில் அவளுக்கு வலித்தது வேறொன்று. கடை திறந்த அன்று, வீட்டில் யாருக்கும் பிடிக்காத அந்தக் கடைக்கு, ஒரு பரிசோடு வந்தவள் இதே மாமியார்தான். கருப்பு மரக் கைப்பிடி போட்ட தடித்த பவுடர் பிரஷ் ஒன்று. "ஒரிஜினல்டி இது," என்று பெருமையாகக் கையில் கொடுத்தாள். மாமியாருக்குக் கைநடுக்கம் வந்த பிறகு தினமும் காலையில் முதல் வாடிக்கை அவள்தான். நாற்காலியில் உட்காருவாள், கண்ணை மூடுவாள், மோவாயைத் தூக்கிக் கொடுப்பாள். பெரியவள் அந்த பிரஷ்ஷால் பவுடர் போட்டுவிடுவாள். பவுடர் இல்லாத முகத்தோடு மாமியார் வாசல் கேட்டைக்கூடத் தொட்டதில்லை. மாமியார் எவ்வளவு கரித்துக் கொட்டினாலும், அந்த பிரஷ்ஷைப் பார்த்தால் பெரியவளுக்கு மனசு கொஞ்சம் இளகிவிடும். இந்தப் பொம்பளைக்கும் என்மேல் ஒரு காலத்தில் பிரியம் இருந்தது என்று நினைத்துக்கொள்வாள்.

அன்றே கடையைச் சாத்திவிட்டு டப்பா டப்பாவாகக் கவிழ்த்துப் பின்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தாள். எழுத்தா அது, எறும்பு. போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். பூச்சியை எந்தப் பாவியாவது பூச்சி என்று எழுதுவானா? கார்மைன் என்று எழுதியிருந்தான். இல்லாவிட்டால் 75470 என்று வெறும் எண்ணைப் போட்டிருந்தான். கள்ளிச்செடியில் ஒட்டி வாழும் ஒரு பூச்சியைக் காயவைத்து அரைத்து எடுக்கிற சிவப்பு அது என்று போன் சொன்னது. லானொலின் என்பது செம்மறி ஆட்டு ரோமத்தில் ஊறும் பிசுக்கு. லிப் பாமில் தேன்மெழுகு. ஐஷேடோ மினுமினுப்புக்கு மீன் செதில். தலைமுடிக்குத் தடவும் கெரட்டினுக்குக் கொம்பும் குளம்பும் ரோமமும். இத்தனை காலமும் ஒரு மிருகக்காட்சி சாலையையே அலமாரியில் அடுக்கிவைத்து, மணக்க மணக்கப் பூசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

சின்னவள் சொன்னது உண்மையாகிப் போனதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு சிவப்பு லிப்ஸ்டிக்கை வாங்கிப்போட்ட தன் கையையே கிள்ளிக்கொண்டாள்.

சில டப்பாக்கள் பிடி கொடுக்கவில்லை. மொத்த வியாபாரிக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, இந்த கிரீம்ல ஸ்டியரிக் ஆசிட்னு போட்டிருக்கு. அது எதுலேருந்து எடுக்கறாங்க?"

"ஆசிட்டு ஆசிட்லேருந்துதாம்மா எடுப்பாங்க."

"மாட்டுக் கொழுப்புலேருந்தும் எடுப்பாங்களாம், பாமாயில்லேருந்தும் எடுப்பாங்களாம். இது எது?"

"இத்தனை வருஷமா சரக்கு போடறேன், ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்ல. வெள்ளையாகுமான்னுதான் கேப்பாங்க. ஏம்மா, உங்க வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே?"

தெரியாதது எல்லாம் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தாள். கிளிசரின், ஸ்டியரிக், ஸ்குவாலேன், எதிலிருந்து எடுத்தது என்று எது வாயைத் திறக்கவில்லையோ அது வெளியே. இரண்டு அட்டைப்பெட்டி நிறைந்தது. அவற்றை எதிர் வரிசைத் தையல்காரியின் கடையில் கொண்டுபோய் வைத்தாள். தையல்காரி பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவையும் எடுத்துட்டா அப்புறம் அங்க என்னதான் இருக்கும்? பேசாம என் கடையில பாதியை எடுத்துக்கோ. நான் எத்தனை தடவை சொல்றது," என்றாள்.

"என் அறையை விட்டு நான் ஏன் வரணும்?" என்றாள் பெரியவள். தையல்காரி பெட்டிகளை மேசைக்கு அடியில் தள்ளினாள்.

பொருளெல்லாம் மாறியது. செடி, தாது, செயற்கைச் சாயம் என்று எழுதி உறுதி கொடுத்த கம்பெனிகளின் சரக்காகப் பார்த்துப் பார்த்து வாங்கி அடுக்கினாள். பாதுகாப்பு முடிந்தது. இனி அடிக்க வேண்டியதுதான் பாக்கி. நான் மட்டும்தான் அம்மணமாக நிற்க வேண்டுமா? அந்தச் சோப்புக்காரி என்ன யோக்கியமா?

சின்னவளின் பேர்போன சரக்கு பீட்ரூட் சோப்பு. ரோஜா நிறத்தில் கண்ணைப் பறிக்கும். பெரியவள் அதைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தபோது அவளுக்குப் பழைய சங்கதி ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு தடவை பீட்ரூட் கறை பட்ட துண்டைச் சலவை சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டாள். சிவப்பு மொத்தமும் மஞ்சளாகிவிட்டது. சோடாவுக்கே அந்தக் கதி என்றால் சோப்புக்கு ஊற்றும் காரத்தில் பீட்ரூட் எப்படி ரோஜா நிறத்தில் நிற்கும்? நிற்காது. அவளுக்கு மூக்கு வேர்த்தது.

சின்னவள் பார்சல் அனுப்பக் கிளம்பிப் போன சமயம் பார்த்து மாடிக்கு ஏறினாள். எண்ணெய் டின்னுக்குப் பின்னால் ஒரு சின்ன டப்பா இருந்தது. 'இயற்கைச் சிவப்பு' என்று பெரிதாகவும், அதற்குக் கீழே எறும்பெழுத்தில் 75470 என்றும் போட்டிருந்தது. பெரியவள் அந்த டப்பாவைத் தொடவில்லை. இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, படியிறங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். பல நாள் கழித்து அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமியார் பவுடர் போட வரவில்லை. சோதனை முடியட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மத்தியானம் வெறும் முகத்தோடு முன்னறைக்குள் வந்து சாய்வு நாற்காலியில் நீதிபதியாக உட்கார்ந்தாள். முகத்தில் தேமலும் சுருக்கமும் பளிச்சென்று தெரிந்தன. கண்ணாடியில் தன்னையே ஒரு தரம் பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சின்னவள் கையில் ஒரு பூதக்கண்ணாடி. பலகையின் ஒரு கோடியிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு டப்பாவாக எடுத்துத் திருப்பி, உதட்டை அசைத்துப் படித்து, வைத்தாள். லிப்ஸ்டிக் வரிசை முடிந்தது. நகப்பூச்சு முடிந்தது. கிரீம் முடிந்தது. பெரியவள் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள்.

"என்னம்மா, பூச்சி பறந்துடுச்சா?" என்று கேட்டாள்.

சின்னவள் குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். அலமாரிக்கு மேலே ஏறிப் பார்த்தாள். வாஷ்பேசினுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தாள். வெளியே எடுத்தபோது தலைமுடியில் ஒட்டடை ஒட்டியிருந்தது.

"ஒண்ணும் இல்ல அத்தை," என்றாள், விழுங்கமுடியாததை விழுங்கினாற்போல்.

"அப்ப இப்ப என் முறை," என்றாள் பெரியவள்.

ஒரு கிண்ணத்தில் பீட்ரூட் சாறு தயாராக வைத்திருந்தாள். அதில் சூடான சலவை சோடாத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினாள். மூன்று பேரும் கிண்ணத்தைப் பார்த்தார்கள். சிவப்பு கறுத்து, பழுப்பாகி, அழுக்கு மஞ்சளில் வந்து நின்றது.

"சோடாவுக்கே இப்படி. இதைவிட உக்கிரமான காரத்துல நீ செய்யற பீட்ரூட் சோப்பு மட்டும் எப்படி ரோஜாப்பூவா இருக்கு? எண்ணெய் டின்னுக்குப் பின்னால ஒரு டப்பா வச்சிருக்கியே, அதை எடுத்துட்டு வா. அடியில ஒரு நம்பர் இருக்கும், உன் பூதக்கண்ணாடியாலயே படி. இத்தனை நேரமும் என் அறையில நீ தேடின அதே நம்பர்தான்."

சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை. மாடிக்குப் போனாள், டப்பாவோடு வந்தாள், படித்தாள்.

"இயற்கைச் சிவப்புன்னு சொல்லித்தான் குடுத்தாங்க," என்றாள். "சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. பீட்ரூட்டும் போட்டேன். நிறம் நிக்கல, அதனால..."

"பூச்சியும் இயற்கைதானே. ஆகாசத்துலேருந்தா விழுந்துது?" பெரியவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை குளிர்ந்துபோயிருந்தது. மாமியார் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க அத்தை. என் அறை சுத்தம். யாரு சரக்குல பூச்சி இருக்குன்னு நீங்களே பாத்துட்டீங்க."

மாமியார் கிண்ணத்தைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள்.

"அது தெரியாம நடந்தது. நாளையிலேருந்து அவ அதைப் போடமாட்டா."

"எனக்கும்தான் தெரியாம இருந்துது. எனக்கு நீங்க நாளையிலேருந்துன்னு சொல்லலையே?"

"அந்த ஜாடியில இருக்கற பிரஷ்ஷை எடு."

கண்ணாடிக்கு முன்னால், கண்ணுக்கு நேராக, ஜாடியில் பிரஷ்கள் நின்றன. நாலைந்து நைலான் பிரஷ்களுக்கு நடுவில் அந்தக் கருப்பு மரக் கைப்பிடி.

"ஆட்டு முடி அது," என்றாள் மாமியார். "நான்தானே வாங்கினேன். சந்தேகமா இருந்தா ரெண்டு முடியை வெட்டிக் கொளுத்திப் பாரு. நைலான்னா உருகும், முடின்னா கருகி நாறும். கடைக்காரன் எனக்கு அப்படித்தான் காட்டினான்."

தெரியாத சங்கதியா? தொழிலில் இருக்கிற யாருக்கும் தொட்டாலே தெரியும். 'ஒரிஜினல்' என்று மாமியார் அன்றைக்குச் சொன்னதற்கு அதுதான் அர்த்தம். ஆனால் முகத்தில் பூசுகிற பொருளைத்தான் பெரியவள் சல்லடை போட்டுத் தேடினாள். எதை வைத்துப் பூசுகிறோம் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. சின்னவளும் அந்த ஜாடியை நகர்த்தி நகர்த்தி வைத்துத்தான் டப்பாக்களைப் படித்தாள், அவளுக்கும் தோன்றவில்லை. தெரிந்து வைத்திருந்தவள் ஒருத்திதான். முதல் நாளே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எல்லாத் துருப்பும் தோற்றால் போட வேண்டும் என்று இதைக் கடைசிவரை மடியில் கட்டி வைத்திருந்திருக்கிறாள்.

பெரியவள் கத்தரியை எடுத்துத் தானே இரண்டு முடியை வெட்டினாள். தீக்குச்சியைக் கிழித்துத் தானே காட்டினாள். பொசுங்கிச் சுருண்டது. சின்ன முடிதான், ஆனால் நாற்றம் அறை முழுக்கப் பரவியது. சின்னவள் கையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"அப்ப அறையை எப்பவோ அவளுக்குக் குடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க," என்றாள் பெரியவள். "கோழி, பூச்சி எல்லாம் சும்மா."

"நான் சொன்னது சொன்னதுதான். ஒண்ணு இருந்தாலும் காலி பண்ணணும்னேன். இருக்கு."

"வீடியோ பாத்தப்புறமும் தினமும் காலையில வந்து உக்காந்தீங்களே அத்தை. கண்ணை மூடிட்டு மூஞ்சியைத் தூக்கிக் குடுத்தீங்களே. அப்ப அது ஆட்டு முடின்னு தெரியலையா?"

"அது வேற."

"எப்படி வேற?"

பதில் சொல்ல வேண்டிய இடத்தில் மாமியார் என்றைக்கும் இருந்ததில்லை. பெரியவளுக்கு அறை போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த ஒரு பிரஷ்ஷை வைத்துக்கொண்டு இந்தப் பொம்பளையை எத்தனை தடவை மன்னித்திருக்கிறோம் என்று நினைத்தபோதுதான் பற்றிக்கொண்டு வந்தது. இவள் முன்னால் அழுதால் நான் மனுஷியே இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சரி. எதிர்லதான் தையல்காரி கடை. சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிடறேன்," என்று சொல்லிவிட்டு ஜாடியோடு பிரஷ்களை எடுத்தாள்.

"அந்த பிரஷ்ஷை வச்சுட்டுப் போ," என்றாள் மாமியார்.

பெரியவள் திரும்பிப் பார்த்தாள்.

"நான் காசு போட்டு வாங்கினது. வேற எதுவும் என் தோலுக்கு ஒத்துக்காது. நைலான் குத்தும்."

பெரியவள் ஜாடியிலிருந்து அந்த பிரஷ்ஷை மட்டும் உருவினாள். சின்னவளின் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"பிடிம்மா. பவுடரைத் தொட்டுட்டு ஒரு தட்டு தட்டு. நெத்தியிலேருந்து ஆரம்பி. மூக்குக்கு ரெண்டு பக்கமும் திரும்பப் போடச் சொல்லுவாங்க, போடு. வாரத்துக்கு ஒரு நாள் ஷாம்பு போட்டு அலசி, தலைகீழாத் தொங்கவிடணும். இல்லாட்டி முடி கொட்டிடும்."

"நான் இதைத் தொடமாட்டேன்க்கா," என்றாள் சின்னவள். குரல் உள்ளே போயிருந்தது. "எனக்குக் குமட்டுது."

"அறை வேணும்ல? அறையோட சேத்துதான் இதுவும்."

சின்னவள் மாமியாரைப் பார்த்தாள். அத்தை வேண்டாமென்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தாளோ என்னவோ. கருகிய நாற்றம் இன்னும் போகவில்லை.

"காலையிலேருந்து வெறும் மூஞ்சியோட உக்காந்திருக்கேன்," என்றாள் மாமியார் பொதுவாக. கண்ணை மூடிக்கொண்டாள். மோவாயைத் தூக்கிக் கொடுத்தாள்.

பெரியவள் இழுப்பறையிலிருந்து திருப்புளியை எடுத்து, சுவர்க் கண்ணாடியின் முதல் திருகைக் கழற்ற ஆரம்பித்தாள். இறுகிக் கிடந்த திருகு, லேசில் அசையவில்லை. கண்ணாடிக்குள், அவள் தோளுக்குப் பின்னால், சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்த பிரஷ்ஷைப் பவுடரில் தோய்ப்பது தெரிந்தது.